‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ தந்த ஹாண்டி

மேனாட்டு இசையில் ‘புளூஸ்’ என்றொரு வகை உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக் காடுகளிலும், ஆற்றங்கரைகளிலும், இருப்புப்பாதை போடும் வேலைகளிலும் உழன்ற கறுப்பின மக்கள் தம் துயரை ஆற்றிக்கொள்ளப் பாடிய பாட்டு அது. நம் ஒப்பாரியையும் தெம்மாங்கையும் ஒரே தொண்டையில் சேர்த்தாற்போல் இருக்கும் என்று சொன்னால் ஒருவாறு விளங்கும். இவ்வகைப் பாடல்களுள் உலகெங்கும் பரவிப் புகழ் பெற்றது ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ என்னும் காதற் புலம்பல். அதனை இயற்றிய வில்லியம் கிறிஸ்டபர் ஹாண்டி என்பவரைப் பற்றியதே இக்கட்டுரை.

நம் சங்கத்து ஆண்டு மலரில் கம்பரும் பாரதியும் வள்ளலாரும் இடம்பெறுவதே வழக்கம். கடல் கடந்த ஓர் இசைவாணருக்கு இங்கே என்ன வேலை என்று சில பெரியோர் கேட்கக்கூடும். அவர் வாழ்க்கையின் பெருந்திருப்பம் ஓர் இரயில் நிலையத்தில், வண்டி பல மணி நேரம் தாமதமான ஓர் இரவில் நேர்ந்தது. இரயில்வே காலனியில் வாழும் நமக்கு இதைவிட வேறு உறவு வேண்டுவதில்லை என்று துணிந்தே எழுதுகிறேன்.

ஹாண்டி 1873-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், அலபாமா மாநிலத்தைச் சார்ந்த பிளாரன்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். அமெரிக்க நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது எட்டாண்டுகளே ஆகியிருந்தன. பாட்டனார் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சிறு வீட்டில்தான் பிள்ளை பிறந்தது. பாட்டனாரும் கிறித்தவப் போதகர், தந்தையாரும் போதகர். பையனும் அவ்வழியே செல்வான் என்பது வீட்டாரின் எண்ணம்.

பையனுக்கோ கடைக் கண்ணாடிக்குள் தொங்கிய கிட்டார் ஒன்றின்மேல் ஆசை. காட்டுப் பழங்களையும் கொட்டைகளையும் பொறுக்கி விற்றும், சவுக்காரம் காய்ச்சி விற்றும் காசு சேர்த்து ஒருநாள் அதனை வாங்கியே வந்துவிட்டான். தந்தையார் முகம் சிவந்தது. கிறித்தவக் குடும்பத்தில் சைத்தானின் கருவிக்கு இடமில்லை என்று கூறி, அதனைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்து வேறு பயனுள்ள பொருள் வாங்கிவரக் கட்டளையிட்டார். கிட்டார் போயிற்று, அகராதி வந்தது! எனினும் தந்தையார் முற்றும் கல்நெஞ்சர் அல்லர். ஆர்கன் வாசிக்கக் கற்பதற்கு ஏற்பாடு செய்தார். தேவாலயத்துக்கு உதவும் என்பது அவர் கணக்கு.

ஊர்ப் பள்ளியில் வாய்த்த ஆசிரியர் ஸரிகமபதநி போன்ற ‘டோ ரே மி’ முறையில் பாடக் கற்பித்தார். இப்பயிற்சி பிற்காலத்தில் ஹாண்டிக்குப் பெருந்துணையாயிற்று. பறவையின் கூவலையும், ஆற்றில் செல்லும் கப்பலின் ஊதலையும், மாட்டின் கதறலையும்கூட அவர் மனத்துக்குள் சுரப்படுத்திப் பார்ப்பாராம். காதில் விழுந்ததை ஏட்டில் ஏற்றிவிடும் இந்தப் பழக்கமே அவரைப் பிற கலைஞர்களிலிருந்து பிரித்துக் காட்டியது. இதற்கிடையே கார்னெட் என்னும் ஊதுகருவியை வீட்டாருக்குத் தெரியாமலே பயின்றும் வந்தார்.

1892-இல் பர்மிங்ஹாம் நகருக்குச் சென்று ஆசிரியர் தேர்வில் வென்றார். ஆனால் ஆசிரியருக்குக் கிடைக்கும் ஊதியம் குழாய் வார்க்கும் ஆலையில் கூலியாளுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு என்று கண்டு ஆலையிலேயே சேர்ந்துவிட்டார். (படித்தவன் நிலை எங்கும் இப்படித்தான் போலும்!) பின் நால்வர் கொண்ட பாடற்குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, சிகாகோவில் நடைபெறவிருந்த உலகப் பொருட்காட்சியில் பாடிப் பிழைக்கலாம் என்று புறப்பட்டார். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் பொருட்காட்சி 1893-ஆம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்ட செய்தி தெரிந்தது. அங்கிருந்து செயின்ட் லூயிஸ் நகரம். கையில் காசில்லை, தலைக்குமேல் கூரையில்லை. மிசிசிப்பி ஆற்றுத்துறையில் பாவியிருந்த கற்களின்மீது படுத்து இரவுகளைக் கழித்தார்.

அந்நாள்களில் ஒருநாள் இரவு தெருவிளக்கின் மங்கிய ஒளியில் ஒரு பெண் தள்ளாடித் தள்ளாடிச் சென்றாள். குடித்திருந்தாள், அதைவிட மிகுதியாக அழுதிருந்தாள். தன்னைக் கைவிட்ட கணவனின் நெஞ்சைக் கடலில் கிடக்கும் கல்லுக்கு ஒப்பிட்டுப் புலம்பிக்கொண்டே இருளில் மறைந்தாள். பசித்திருந்த இளைஞர் அதனைக் கேட்டார். இருபதாண்டுகள் கழித்து அந்தக் கல் பாட்டில் வந்து விழுந்தது. அவள் யார், பின்னர் என்னவானாள் என்பதை உலகம் அறியாது.

1896-இல் ஹாண்டிக்கு நல்ல காலம் பிறந்தது. மஹாரா என்பவரின் நாடகக் குழுவில் வாத்தியக்காரராகச் சேர்ந்து விரைவில் அதன் தலைவரானார். அவ்வாண்டே எலிசபெத் பிரைஸ் என்னும் மங்கையை மணந்தார். குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி, 1900-இல் கியூபாத் தீவுக்கும் சென்றுவந்தார். அங்கே கேட்ட ஹபனேரா என்னும் தாளநடை அவர் காதில் ஒட்டிக்கொண்டது. பிறகு அலபாமாவில் ஹண்ட்ஸ்வில் என்னும் ஊரிலிருந்த கல்லூரியில் ஈராண்டுகள் இசை கற்பித்தார். அக்கல்லூரியார் ஐரோப்பியச் செவ்விசையையே உயர்வாகக் கருதினர்; தம் மக்களின் இசையைக் கீழ்மையாக எண்ணினர். குறும்புக்கார ஹாண்டி, ஓர் ஆட்ட மெட்டுக்கு ஒரு பெரிய பெயரைச் சூட்டி விழாவில் வாசித்தார். முதல்வர் உட்பட அனைவரும் சுவைத்துக் கேட்டனராம்!

நிற்க. தொடக்கத்தில் கூறிய இரயில் நிலையத்துக்கு வருவோம்.

1903-இல் ஹாண்டி மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் என்னும் ஊரில் ஒரு வாத்தியக் குழுவின் தலைமையை ஏற்றார். அக்காலத்தில் ஓரிரவு டட்வைலர் என்னும் சிறு நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தார். வண்டி ஒன்பது மணி நேரத் தாமதம். (நம் பயணிகள் நம்மைத் திட்டுவதற்கு முன் இதனை நினைவு கூர்க.) ஹாண்டி பலகையில் அமர்ந்தவாறே உறங்கிவிட்டார். விழித்தபோது அருகில் ஒரு மெலிந்த கறுப்பர் கிட்டாரை மீட்டிக்கொண்டிருந்தார். கிழிந்த உடை, காலணியின் பொத்தலில் விரல்கள் எட்டிப் பார்த்தன. விரலால் அழுத்துவதற்குப் பதிலாக ஒரு கத்தியைக் கம்பிகளின்மேல் வைத்து இழுத்தார். கம்பி மனிதக் குரலில் அழுதது. இரண்டு இருப்புப் பாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்துக்குத் தாம் போவதாக ஒரே அடியை மும்முறை திருப்பித் திருப்பிப் பாடினார். அவ்விடம் மூர்ஹெட் என்னும் ஊர். ‘சதர்ன்’ பாதையை, மக்கள் ‘மஞ்சள் நாய்’ என்று செல்லமாக அழைத்த மற்றொரு பாதை அங்கே செங்குத்தாகக் கடந்தது. நாகபுரியில் டயமண்ட் கிராசிங்கைப் பார்த்திருப்பவர்களுக்கு அவ்விடத்தை விளக்கத் தேவையில்லை.

அதுவரை தாம் கேட்டவற்றுள் அதுவே மிக விசித்திரமான இசை என்று ஹாண்டி பிற்காலத்தில் எழுதினார். இது நடந்த சில காலத்துக்குப் பின் கிளீவ்லண்டு என்னும் சிற்றூரில் அவர் குழு வாசித்தது. இடையே உள்ளூர்க்காரர் மூவர் தேய்ந்த கருவிகளோடு வந்து நாட்டுப் பாட்டு வாசிக்க அனுமதி கேட்டனர். அவர்கள் வாசிக்கத் தொடங்கியதும் வெள்ளி நாணயங்கள் மழையாய்ப் பொழிந்தன. ஏடு பார்த்து வாசிக்கும் ஹாண்டியின் குழு முழுவதற்கும் அன்றிரவு பேசப்பட்ட தொகையைவிட அம்மூவர் காலடியில் கிடந்தது அதிகம். அன்றுதான் தம் கண் திறந்தது என்று ஹாண்டி ஒளிவு மறைவின்றிச் சொல்லியுள்ளார். கலைக்காக மட்டுமே கண் திறந்தது என்று அவர் சொல்லாததை நான் மதிக்கிறேன்.

பின்னர் மெம்பிஸ் நகரத்தில் குடியேறினார். 1909-இல் அந்நகர மேயர் தேர்தலில் கிரம்ப் என்னும் வேட்பாளருக்காக அவர் வாசித்த மெட்டு, 1912-இல் ‘மெம்பிஸ் புளூஸ்’ என்ற பெயரில் அச்சேறியது. ஆயிரம் படிகள் அச்சிட்டார். அவை விலை போகவில்லை என்று அவரிடம் சொல்லப்பட்டது. மனம் சோர்ந்த ஹாண்டி அதன் உரிமை முழுவதையும் 100 டாலருக்கு விற்றுவிட்டார். உண்மையில் அப்படிகள் நன்றாகவே விற்றிருந்தன என்று பின்னரே அறிந்தார். அப்பாட்டு நாடெங்கும் முழங்கியது. பணம் வேறெவர் பெட்டியிலோ விழுந்தது. அமெரிக்கச் சட்டப்படி இருபத்தெட்டாண்டுகள் காத்திருந்து, 1940-இல்தான் அவ்வுரிமையை மீட்டார். ஒரு கையெழுத்து இருபத்தெட்டு ஆண்டுகள்! காகிதங்களோடு காலம் கழிக்கும் என் போன்ற எழுத்தர்கள் இதனைப் படிக்கும்போது பெருமூச்சு விடாமல் இருக்க இயலாது.

சூடுபட்ட ஹாண்டி, ஹாரி பேஸ் என்னும் நண்பரோடு சேர்ந்து தாமே பதிப்பகம் நடத்தலானார். 1914-இல், நாற்பதாம் வயதில், மீண்டும் ஒரு பெரும் பாட்டு எழுத முனைந்தார். வீட்டில் பிள்ளைகளின் இரைச்சல். ஆகவே பீல் தெருவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இரவெல்லாம் விழித்திருந்தார். ஆற்றங்கரைக் கற்படுக்கையும், தள்ளாடிச் சென்ற பெண்ணும், டட்வைலர் கத்தியின் அழுகையும், கியூபாவின் தாளமும் அங்கே ஒன்று கூடின. அவ்வாண்டு செப்டம்பரில் ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ வெளிவந்தது.

அப்பாடலின் தலைவி அந்திப் பொழுதை வெறுக்கிறாள். வைர மோதிரமும் முகப்பூச்சும் விலைக்கு வாங்கிய கூந்தலும் கொண்ட செயின்ட் லூயிஸ்காரி ஒருத்தி தன் ஆடவனைக் கவர்ந்து சென்றாள் என்று பொருமுகிறாள். நம் அகத்திணை கற்றவர்கள் இதனைப் பரத்தையிற் பிரிவு என்று உடனே அடையாளம் காண்பர். மாலைப் பொழுது தரும் துயருக்கென்றே வள்ளுவர் ‘பொழுது கண்டிரங்கல்’ என ஓர் அதிகாரம் வகுத்தாரன்றோ! மருத நிலத்துத் தலைவிக்குத் தூது செல்லப் பாணனும் தோழியும் உண்டு. இவளுக்கு ஒருவருமில்லை என்பதே வேறுபாடு. பாட்டின் நடுவே தாளம் கியூபா நடைக்கு மாறும். அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து வாதாடுவது போலத் தோன்றும். அவ்விடத்தில் நடனமாடியோர் மெய்மறந்தனர் என்பர்.

இனி இசைத்தட்டு வரலாறு. இதுதான் எனக்கு மிகவும் வியப்பளிப்பது.

ஒரு பெண்ணின் புலம்பலாகிய இப்பாட்டு முதன்முதல் தட்டில் ஏறியபோது அதில் பெண் குரலும் இல்லை, சொல்லும் இல்லை. 1915-ஆம் ஆண்டு டிசம்பரில் கொலம்பியா நிறுவனத்தின் வாத்தியக் குழு வெறும் கருவிகளால் வாசித்துப் பதிந்தது. சில ஆண்டுகளில் அல் பெர்னார்டு என்னும் வெள்ளை இனத்து ஆடவர் பாடினார். 1920-இல் மரியன் ஹாரிஸ் என்னும் வெள்ளையர் குலப் பாடகி, தம் பழைய நிறுவனம் இதனைப் பாட இடந்தராமையால் அதை விட்டு நீங்கி, கொலம்பியாவுக்கு வந்து பாடினார். மேடைகளில் ஈதெல் வாட்டர்ஸ் போன்ற கறுப்பினப் பாடகியர் அதற்கு முன்பே பாடி வந்தும் கிராமபோன் நிறுவனங்களின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. கறுப்பின மக்கள் தட்டு வாங்கமாட்டார்கள் என்பது முதலாளிகளின் கணிப்பு. 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மேமி ஸ்மித் பாடிய வேறொரு புளூஸ் தட்டு அமோகமாக விற்றபின் அக்கணிப்பு தவிடுபொடியாயிற்று. ஹாண்டியின் குழுவும் 1923-இல் இப்பாடலை வாசித்துப் பதிந்தது. தகப்பனே பதிந்தது என்பதற்காகப் போற்றலாமேயன்றி, அதனைச் சிறந்தது என்று யாரும் சொல்வதில்லை.

1925-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், நியூயார்க் நகரில், இப்பாட்டுக்கு உரிய குரல் வந்து சேர்ந்தது. பெஸ்ஸி ஸ்மித் அப்போது முப்பது வயது மாது. டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரில் பிறந்து, சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, தெருவில் பாடிக் காசு பெற்று வளர்ந்தவர். உடன் கார்னெட் ஊதியவர் இருபத்துமூன்று வயது லூயி ஆம்ஸ்ட்ராங். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர். ஆர்மோனியம் வாசித்தவர் பிரெட் லாங்ஷா. இம்மூவரே, வேறு பக்கவாத்தியம் இல்லை. மின்சார ஒலிவாங்கி அந்நிறுவனத்துக்கு இன்னும் வந்திராத காலம். பெரிய கூம்பு ஒன்றன்முன் நின்று பாட வேண்டும். குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். வலுவற்ற குரல் அதில் எடுபடாது. பெஸ்ஸியின் குரலுக்கு அக்கவலை இல்லை.

பெஸ்ஸி மிக மெதுவாகப் பாடினார். ஒவ்வோர் அடியையும் பாடி நிறுத்துமிடத்தில், கச்சேரியில் வயலின் வித்துவான் வாங்கி வாசிப்பதுபோல், ஆம்ஸ்ட்ராங் கார்னெட்டில் விடை சொன்னார். அடியில் ஆர்மோனியம் தேவாலயத்து இரங்கற் கூட்டம் போல் இழைந்தது. ஹாண்டி எழுதிய ஆட்டத் தாளத்தை அவர்கள் ஏறக்குறைய விட்டே விட்டனர். ஆட்டம் போனதும், ஆற்றங்கரைத் தெருவில் தள்ளாடிய அப்பெண் மீண்டும் வந்து நின்றாள். மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட அத்தட்டைக் கேட்டவர்கள் இப்பாட்டின் பிற பதிவுகளை அதனோடு ஒப்பிட்டே பேசுவர். என் சிற்றறிவுக்கு எட்டியவரை அதுவே சரி.

1929-இல் இப்பெயரிலேயே ஒரு குறும்படம் எடுக்கப்பட்டது. பெஸ்ஸி திரையில் தோன்றிய படம் அது ஒன்றே. ஹாண்டியும் அதில் பணியாற்றினார். 1937 செப்டம்பர் 26-இல் பெஸ்ஸி மோட்டார் விபத்தில் காயமுற்று, கறுப்பினத்தார் மருத்துவமனையொன்றில் உயிர் நீத்தார். அது எவ்வூர்? ஹாண்டி முன்னம் வாழ்ந்த அதே கிளார்க்ஸ்டேல். அவர் கல்லறைமீது 1970 வரை ஒரு பெயர்க்கல்லும் நாட்டப்படவில்லை.

ஹாண்டியின் பிற்கால வாழ்வு மேடும் பள்ளமும் ஆனது. நியூயார்க் சென்று பதிப்பகத்தைப் பெருக்கினார். 1921-இல் பேஸ் பிரிந்துபோய்த் தனியே இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். கடன் சேர்ந்தது, கண் மங்கியது. தம்பி சார்லஸின் துணையோடு மெல்ல மீண்டார். 1926-இல் புளூஸ் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். 1941-இல் தன் வரலாறு எழுதினார். 1943-இல் நிலத்தடி இரயில் நிலையத்தில் மேடையிலிருந்து பாதைமீது தவறி விழுந்து, பார்வையை முற்றும் இழந்தார். ஓர் இரயில் நிலையத்தில் கேட்கும் செவி கிடைத்தவருக்கு மற்றோர் இரயில் நிலையத்தில் கண் போயிற்று.

இடையே ஒரு வழக்கும் எழுந்தது. 1938-இல் வானொலி நிகழ்ச்சியொன்றில் ஹாண்டியை ஜாஸுக்கும் புளூஸுக்கும் மூலவர் என்று அறிமுகம் செய்தபோது, ஜெல்லி ரோல் மார்ட்டன் என்னும் பியானோக் கலைஞர் வெகுண்டெழுந்து பத்திரிகைக்கு மறுப்பு எழுதினார். ஹாண்டியும் விடையிறுத்தார். மார்ட்டன் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. புளூஸ் ஹாண்டிக்கு முன்பே இருந்தது. அச்சேறியதிலும் அவருடையது முதலாவது அன்று. சில வாரங்களுக்கும் மாதங்களுக்கும் முன்னரே வேறு சிலருடையவை 1912-இல் வந்திருந்தன. ஆனால் நாட்டார் பாடியதைத் தாம் கேட்டு எழுதியதாக ஹாண்டியே பலமுறை ஒப்புக்கொண்டவர். ஆயிரம் பேர் கேட்டுக் கடந்துபோன ஒன்றை அவர் நின்று கேட்டார்; நாள் குறித்து, சுரம் குறித்துப் பதிவேட்டில் ஏற்றினார். அதைச் சிறு தொழில் என்று நான் எண்ணவில்லை. எனினும் ஒரு கணக்கு தீராமலே நிற்கிறது. இறுதிவரை இவ்வொரு பாட்டால் மட்டும் ஆண்டுதோறும் சுமார் 25,000 டாலர் அவருக்கு வந்தது என்பர். டட்வைலர் கிட்டார்க்காரரின் பெயரில் எந்த ஏட்டிலும் ஒரு வரவும் இல்லை.

1954-இல் ஆம்ஸ்ட்ராங் ஹாண்டியின் பாடல்களை மட்டும் கொண்ட நெடுந்தட்டு ஒன்றை வெளியிட்டார். 1956 ஜூலை 14 அன்று நியூயார்க் திறந்தவெளி அரங்கில், லெனர்டு பெர்ன்ஸ்டைன் நடத்திய பெரும் வாத்தியக் குழுவோடு ஆம்ஸ்ட்ராங் இப்பாடலை வாசித்தபோது, எண்பத்திரண்டு வயது ஹாண்டி கூட்டத்தில் அமர்ந்திருந்தார். பார்வையற்ற கண்களைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்கும் காட்சி படமாகப் பதிவாகியுள்ளது.

1958 மார்ச் 28-ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார். ஹார்லெம் பகுதித் தேவாலயத்தில் இறுதி வழிபாடு நடந்தபோது தெருக்களில் மக்கள் வெள்ளம் திரண்டது. அடுத்த மாதமே அவர் வாழ்க்கையைத் தழுவிய திரைப்படம், நாட் கிங் கோல் நடிக்க, திரைக்கு வந்தது. 1969-இல் அமெரிக்க அரசு அவர் உருவப்படத்தோடு அஞ்சல்தலை வெளியிட்டது. பாட்டனார் கட்டிய கட்டை வீடு பிளாரன்ஸில் காட்சிச்சாலையாக நிற்கிறது. ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ பாடலின் பதிப்புரிமைக் காலம் அமெரிக்காவில் முடிந்துவிட்டது. இன்று அங்கே அதனை எவரும் எவருக்கும் காசு கொடுக்காமல் பாடலாம்.